ஐ.எஸ்.ஓ. போர்டு மாட்டினால் லாபம் வருமா? தர, சுற்றுச்சூழல் மேலாண்மை முறைகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

திருப்பூரில் பல்லடம் ரோட்டிலோ அவிநாசி ரோட்டிலோ பஸ்ஸில் போகும்போது கம்பெனி வாசல்களைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். ‘ஐ.எஸ்.ஓ. 9001 சான்று பெற்ற நிறுவனம்’ என்ற போர்டு கண்ணில் படாமல் இருக்காது. சில வாசல்களில் அதற்குக் கீழே ‘14001’ என்று இன்னொரு வரியும் இருக்கும். இப்போது பள்ளிக்கூடங்களும் ஆஸ்பத்திரிகளும்கூட இதை மாட்டிக்கொள்கின்றன.

அந்த போர்டுக்கு என்ன அர்த்தம் என்று நாலு பேரிடம் கேட்டால் மூன்று விதமாகப் பதில் வரும். “பொருள் நல்லா இருக்குன்னு கவர்மென்ட் கொடுக்கிற முத்திரை” என்பார் ஒருவர். “காசு கட்டினா கிடைக்கிற பேப்பர்” என்பார் இன்னொருவர். “அது இருந்தாத்தான் வெளிநாட்டு ஆர்டர் வரும்” என்பார் மூன்றாமவர். முதல் பதில் தவறு. மற்ற இரண்டும் சில இடங்களில் உண்மை. ஆனால் கம்பெனிக்குள்ளே அன்றாட வேலையில் என்ன மாறுகிறது, அந்த மாற்றம் லாபக் கணக்குக்கு எந்த வழியாகப் போய்ச் சேருகிறது என்பதை மூவருமே சொல்வதில்லை. சாயப்பட்டறை ஒன்றின் தரப் பிரிவில் சில வருஷம் வேலை பார்த்தவன் என்ற முறையில் அதை அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

மாஸ்டர் லீவு போட்ட வாரம்

உங்கள் தெருவில் ஒரு மெஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாம்பார் பிரமாதம். திடீரென்று ஒரு வாரம் உப்புத் தூக்கலாக இருக்கிறது, அடுத்த நாள் புளி ஏறிக் கிடக்கிறது. விசாரித்தால் மாஸ்டர் ஊருக்குப் போயிருக்கிறார். அதாவது ருசி மெஸ்ஸிடம் இல்லை, மாஸ்டர் கையில் இருக்கிறது. அவர் போனால் அதுவும் கூடவே போய்விடும்.

மெஸ்காரர் யோசிக்கிறார். எத்தனை கிலோ பருப்புக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு புளி என்று மாஸ்டரை உட்காரவைத்து எழுதி வாங்குகிறார். முதல் பந்திக்கு முன்னால் யார் ருசி பார்க்க வேண்டும் என்று ஒருவரைச் சொல்லிவைக்கிறார். சாப்பிட்டவர் குறை சொன்னால் கல்லாப் பக்கத்து நோட்டில் எழுதச் சொல்கிறார். சனிக்கிழமை மதியம் எல்லோரும் உட்கார்ந்து அந்த நோட்டைப் புரட்டுகிறார்கள். ஒரே குறை மூன்று தடவை வந்திருந்தால் ஏன் வந்தது என்று பேசி, எழுதிவைத்த அளவையோ வேலை செய்யும் வரிசையையோ மாற்றுகிறார்கள். அடுத்த முறை மாஸ்டர் லீவு போட்டபோது சாம்பார் ஏறக்குறைய அதே சாம்பார்.

மேலாண்மை முறை என்பது இதுதான். நல்ல விளைவு ஓர் ஆளின் திறமையையோ அதிர்ஷ்டத்தையோ மட்டும் நம்பி இருக்காமல், தினமும் அதே மாதிரி வருவதற்கும் தப்பு நடந்தால் அதிலிருந்து கற்பதற்கும் ஒரு நிறுவனம் வகுத்துக்கொள்ளும் ஒழுங்கு. தரத்துக்காக வகுத்தால் தர மேலாண்மை முறை.

இப்போது அதே மெஸ்ஸின் பின்பக்கம் போவோம். கழிவு வாளி. மீந்த சோறு, வெட்டிப் போட்ட காய், ஒரு டப்பா நிறையக் கருத்த எண்ணெய். பாத்திரம் ஏற்றாமலே எரிகிற கேஸ் அடுப்பு ஒன்று. ஒருநாள் யாரோ ஒருவர் அந்த வாளியைத் தராசில் தூக்கி வைக்கிறார். பன்னிரண்டு கிலோ சோறு. அரிசிக் கடையில் காசு கொடுத்து வாங்கி, கேஸ் செலவு பண்ணி வேகவைத்து, ஆளுக்குக் கூலி கொடுத்து வடித்த சோறு. இப்போது அதை அள்ளிக்கொண்டு போகவும் காசு கொடுக்க வேண்டும். இப்படிப் பின்வாசல் வழியாகப் போவதை எல்லாம் அளந்து, ஏன் போகிறது என்று பார்த்து, குறைத்துக்கொண்டே வருவதற்கான ஒழுங்கு சுற்றுச்சூழல் மேலாண்மை முறை.

இதுவரை பார்த்தது: முன்வாசலில் வாடிக்கையாளருக்குப் போவதைக் கவனிப்பது ஒரு முறை, பின்வாசலில் மண்ணுக்கும் ஆற்றுக்கும் காற்றுக்கும் போவதைக் கவனிப்பது இன்னொன்று. சமையல்கட்டு இரண்டுக்கும் ஒன்றே.

9001, 14001 என்ற எண்கள்

ஐ.எஸ்.ஓ. என்பது ஜெனீவாவில் தலைமையகம் வைத்திருக்கும் சர்வதேசத் தரப்படுத்தல் அமைப்பு. 1947-ல் தொடங்கியது. பல நாட்டு நிபுணர்கள் கூடி ஒத்துக்கொண்ட விதிமுறைகளை அது புத்தகமாக வெளியிடுகிறது. அப்படி வெளியிடும் விதித்தொகுப்புக்குப் பெயர் தரநிலை. தர மேலாண்மைக்கான தரநிலை 9001, முதலில் 1987-ல் வந்தது. சுற்றுச்சூழலுக்கான 14001, 1996-ல் வந்தது. இரண்டுக்குமே பிரிட்டனில் அதற்கு முன்பே இருந்த தரநிலைகள் முன்னோடி. 2015-ல் இரண்டையும் ஒரே அத்தியாய வரிசையில் திருத்தி எழுதினார்கள். அதனால் இன்று ஒரு கம்பெனி இரண்டையும் சேர்த்து ஒரே முறையாக நடத்துவது சுலபம்.

பலர் குழம்புவது ஐ.எஸ்.ஓ. சான்று கொடுக்கிறது என்று நினைப்பதில்தான். அது யாருக்கும் சான்று கொடுப்பதில்லை. சான்று நிறுவனங்கள் என்று தனியாக இருக்கின்றன. அவற்றின் ஆட்கள் கம்பெனிக்கு வந்து, தரநிலையில் சொன்னபடி வேலை நடக்கிறதா என்று பார்ப்பதுதான் ஆடிட். சான்று பொதுவாக மூன்று வருஷத்துக்குச் செல்லும், நடுவில் வருஷத்துக்கு ஒரு தடவையாவது வந்து பார்ப்பார்கள். அந்தச் சான்று நிறுவனங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்த்து அங்கீகாரம் கொடுக்க நாட்டுக்கு நாடு அமைப்பு உண்டு. இந்தியாவில் அது என்.ஏ.பி.சி.பி. என்ற தேசிய அங்கீகார வாரியம்.

அப்புறம், ஐ.எஸ்.ஐ. வேறு, ஐ.எஸ்.ஓ. வேறு. ஹெல்மெட்டிலும் சிமென்ட் மூட்டையிலும் பார்க்கிற ஐ.எஸ்.ஐ. முத்திரை அந்தப் பொருளைப் பற்றியது. 9001 அந்தப் பொருளைச் செய்கிற இடத்தின் வேலை ஒழுங்கைப் பற்றியது. பனியன் எத்தனை சலவை தாங்க வேண்டும் என்று 9001-ல் ஒரு வரிகூடக் கிடையாது. அதை வாங்குபவரும் விற்பவரும் பேசி முடிவு செய்ய வேண்டும். பேசியதை ஒவ்வொரு தடவையும் நிறைவேற்றுகிறீர்களா என்பதுதான் 9001 கேட்கும் கேள்வி. அதேபோல, கழிவுநீரில் இவ்வளவுதான் உப்பு இருக்கலாம் என்று 14001 அளவு சொல்லாது. அந்த அளவைச் சொல்வது சட்டமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும். உங்களுக்குப் பொருந்துகிற சட்டம் எது என்று தெரிந்துவைத்திருக்கிறீர்களா, அதை மீறாமல் இருக்க என்ன ஏற்பாடு, வருஷத்துக்கு வருஷம் மேம்படுகிறீர்களா என்றுதான் 14001 கேட்கும்.

இரண்டுக்கும் முதுகெலும்பு ஒரு நாலு படிச் சுற்று: திட்டமிடு, செய், சரிபார், திருத்து. அமெரிக்கப் புள்ளியியலாளர் ஷூவார்ட்டின் சிந்தனையிலிருந்து கிளம்பி, இன்னொரு அமெரிக்கப் புள்ளியியலாளரான எட்வர்ட்ஸ் டெமிங் வழியாக ஜப்பானுக்குப் போய் அங்கே வேர்விட்டது. நம் மெஸ்ஸில் அளவு எழுதிவைத்தது திட்டம், சமைத்தது செயல், ருசி பார்த்ததும் நோட்டுப் போட்டதும் சரிபார்ப்பு, சனிக்கிழமைக் கூட்டம் திருத்தம். அவ்வளவுதான். டெமிங் பெயரில் ஜப்பான் கொடுக்கும் பரிசை 1998-ல் இந்தியாவிலேயே முதலாவதாக வாங்கியது சென்னை பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு. நம் ஊருக்கு இது புது விஷயம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

மெரூன் லாட்

இனி உண்மையான ஓர் இடம். நான் வேலை பார்த்த சாயப்பட்டறையில் 9001 சான்று இருந்தது. ரெஜிஸ்டர்கள் எல்லாம் ஒழுங்காக அட்டை போட்டு அடுக்கியிருக்கும். அப்படியும் ஒரு தொல்லை விடாமல் துரத்தியது. ஆர்டர் கொடுத்த பார்ட்டி ஒப்புக்கொண்ட மெரூன் நிறம் சில லாட்டுகளில் (ஒரே தடவையில் சாயம் போடும் துணி ஒரு லாட்) மங்கிப்போய் வரும். நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் லைட் பாக்ஸில் மூலத் துணியையும் புதுத் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கே தெரியும், ஒன்று பளிச்சென்று இருக்கும், இன்னொன்று தூசி படிந்த மாதிரி. இதை ஷேடு மாறிவிட்டது என்போம். ஷேடு மாறினால் திரும்பச் சாயம் போட வேண்டும்.

பெரும்பாலும் நைட் ஷிஃப்டில்தான் இப்படி ஆகும். குறைப் பதிவேட்டில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் ஒவ்வொரு முறையும் ஒரே வாசகம் எழுதினோம்: ‘ஆபரேட்டர் கவனக்குறைவு’. ‘எடுத்த நடவடிக்கை’ என்ற கட்டத்தில்: ‘எச்சரிக்கப்பட்டார்’. ஆடிட்டரும் பார்த்தார், கட்டம் நிரம்பியிருந்தது, பக்கத்தைத் திருப்பினார். எச்சரிக்கை வாங்கிய அந்த ஆபரேட்டர் அண்ணன், “நான் என்னப்பா பண்ணேன், நீங்க கொடுத்த சீட்டுப்படிதானே போட்டேன்” என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதிதாக வந்த மேனேஜர் மூன்று மாத ஷேடு ரெஜிஸ்டரை எடுத்துவைத்துக்கொண்டு, மங்கிய லாட்டுகளின் தேதியை மட்டும் ஒரு தாளில் எழுதச் சொன்னார். அப்புறம், “அந்தத் தேதிகள்ல வேற என்ன நடந்துச்சு?” என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. கேட்டில் வாட்ச்மேன் எழுதும் நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். உள்ளே வந்த வண்டி, வெளியே போன வண்டி எழுதும் சாதாரண நோட்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். மங்கிய லாட் இருந்த இரவுகளில் எல்லாம் லாரித் தண்ணீர் வந்திருந்தது.

காரணம் புரிந்துவிட்டது. சாயத்துக்கு மென்னீர் வேண்டும். கால்சியமும் மெக்னீசியமும் அதிகமுள்ள தண்ணீர்தான் கடினநீர், வீட்டில் சோப்பு நுரைக்காதே, அந்தத் தண்ணீர். கடினநீரில் சாயம் ஒழுங்காகக் கரையாது, நிறம் மங்கும். எங்களுக்குச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து திரும்பி வரும் நீர் மென்னீர். அது போதாத இரவுகளில் லாரித் தண்ணீரை அப்படியே தொட்டியில் கலந்திருக்கிறார்கள். ஒரு பரிசோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து, மருந்து இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தோம். மென்னீராக இருந்தால் நீலமாக நிற்கும். எங்கள் குழாய் ஒயின் சிவப்பாக மாறியது.

அன்றிலிருந்து விதி மாறியது. லாரித் தண்ணீர் மென்னீராக்கும் கருவி வழியாகத்தான் தொட்டிக்கு வரும். ஒவ்வொரு முறை மெஷினில் தண்ணீர் நிரப்பும் முன்பும் குழாயில் பார்க்க வேண்டும், சிவப்பு வந்தால் மெஷின் ஓடாது, அதை நிறுத்தும் உரிமை ஆபரேட்டருக்கே. மெரூன் தொல்லை நின்றது. அந்த அண்ணனிடம் மேனேஜர் எல்லோர் முன்னாலும் வருத்தம் தெரிவித்தார்.

இதை இவ்வளவு நீளமாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு நோட்டும் முன்பே எங்களிடம் இருந்தன. சான்றும் இருந்தது. இரண்டையும் சேர்த்துவைத்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் இல்லை. 9001-ல் இதற்கு ‘சரிசெய் நடவடிக்கை’ என்று பெயர்: நடந்த தப்பை மட்டும் மூடாமல், அது ஏன் நடந்தது என்ற வேரைக் கண்டுபிடித்து, திரும்ப நடக்காதபடி வேலையையே மாற்றுவது. ஆபரேட்டரை எச்சரித்தது அந்த வகையில் சேராது.

கணக்குப் புத்தகத்தில் இல்லாத செலவு

திரும்பச் சாயம் போடுவதால் என்ன செலவு? ஒரு கணக்குப் போடுவோம். 500 கிலோ துணி. ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் ஒரு தொட்டிக்கு 4,000 லிட்டர். பருத்தியில் அடர்ந்த நிறம் ஏறுவதற்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு போட்டால் 240 கிலோ உப்பு. இதற்கு மேல் சாயம், சோடா, நீராவி, மின்சாரம், கூலி. அலசும் தண்ணீர் தனி. மெஷின் பல மணி நேரம் ஓடும். ஷேடு தவறினால் இதில் பெரும்பகுதியை இரண்டாம் தடவை செய்ய வேண்டும். பார்ட்டி கொடுக்கும் காசு ஒரு தடவைக்குத்தான்.

முதலாளி மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கிறார். உப்பு வாங்கியது இவ்வளவு, சாயம் இவ்வளவு, ஈ.பி. பில் இவ்வளவு. ‘தப்பைத் திருத்தியது இவ்வளவு’ என்று ஒரு வரி எந்தக் கணக்கிலும் கிடையாது. அந்தச் செலவு உப்புக்குள்ளும் ஈ.பி. பில்லுக்குள்ளும் கரைந்து கிடக்கிறது. உப்பு விலை ஏறிவிட்டது, கரண்ட் விலை ஏறிவிட்டது என்று அவர் நினைத்துக்கொள்வார்.

அமெரிக்கரான அர்மாண்ட் ஃபைகன்பாம் 1950-களில் இந்த மறைந்த செலவை வெளியே எடுக்க ஒரு வழி சொன்னார். தரத்துக்காகும் செலவை அவர் பிரித்த விதத்தை நம் பட்டறைக்குப் பொருத்திப் பார்க்கலாம். மென்னீர்க் கருவி வைப்பதும் ஆளுக்குப் பயிற்சி கொடுப்பதும் தடுப்புச் செலவு. குழாயில் தண்ணீர் பார்ப்பதும் லைட் பாக்ஸில் ஷேடு பார்ப்பதும் சோதனைச் செலவு. துணி வெளியே போகும் முன் கண்டுபிடித்துத் திரும்பச் சாயம் போடுவது உள்ளே ஏற்படும் தோல்விச் செலவு. பார்ட்டியிடம் போய்ச் சேர்ந்தபின் தெரிந்தால் தள்ளுபடி, ஏர் கார்கோ, ரத்தாகும் அடுத்த ஆர்டர், அதெல்லாம் வெளியே ஏற்படும் தோல்விச் செலவு. கடைசியதுதான் ஆளையே சாய்ப்பது. கப்பலில் போக வேண்டிய சரக்கு தாமதமாகி விமானத்தில் போனால் அந்த ஆர்டரின் லாபம் மொத்தமும் அதோடு பறந்துவிடும் என்பது ஏற்றுமதி செய்கிற எவருக்கும் தெரியும்.

தர மேலாண்மை முறை முதல் இரண்டிலும் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க வைத்து, பின் இரண்டிலும் நிறைய மிச்சம் பிடிக்கிறது. லாபத்துக்குப் போகும் முதல் வழி இது.

உப்பு எங்கே போயிற்று

அந்த 240 கிலோ உப்பைக் கொஞ்சம் பின்தொடர்வோம். உப்பு துணியில் தங்குவதில்லை. சாயத்தைத் துணிக்குள் தள்ளிவிட்டுத் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். ஒட்டாத சாயமும் கூடவே வரும். ஒரு காலத்தில் அது நொய்யல் ஆற்றுக்குப் போயிற்று. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கி, அந்தத் தண்ணீரைப் பயிருக்குப் பாய்ச்ச முடியாமல் விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்று 2006-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2009-ல் உச்ச நீதிமன்றத்திலும் சாயப்பட்டறைகளுக்கு விடிவு கிடைக்கவில்லை. 2011 ஜனவரி 28-ல் சாயப்பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். சாயம் நின்றதும் பனியன் தொழில் முழுக்கத் தடுமாறியது. வேலை செய்தவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள்.

சுற்றுச்சூழல் என்பது தொழிலுக்கு வெளியே இருக்கும் தர்ம காரியம் என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. திருப்பூரில் 2011-ஐப் பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். எதைப் பின்வாசலில் விட்டோமோ அதுவே முன்வாசலைப் பூட்டியது.

இன்று அங்கே பட்டறைகள் ஓடுவது ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ என்ற ஏற்பாட்டில். கழிவுநீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். அங்கே முதலில் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும், அப்புறம் ஆர்.ஓ. சவ்வு நல்ல தண்ணீரைப் பிரிக்கும், மிஞ்சும் உப்புநீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்குவார்கள். தண்ணீரும் உப்பும் திரும்பப் பட்டறைக்கே வரும். இதில் மிகவும் காசு தின்னுவது கடைசிப் படி. தண்ணீரை ஆவியாக்க நெருப்பு வேண்டும், நெருப்புக்கு விறகோ நிலக்கரியோ வேண்டும்.

இப்போது மெரூன் லாட்டை மறுபடி நினைத்துப் பாருங்கள். ஷேடு தவறியது தரப் பிழை. திரும்பச் சாயம் போட்டதால் கழிவுநீர் கூடியது, இரண்டாம் 240 கிலோ உப்பும் ஆவியாக்கும் இடத்துக்குப் போனது. அது சுற்றுச்சூழல் சுமை. அதோடு முடியவில்லை. திரும்பச் சாயம் போட்டதால் மென்னீரும் கூடுதலாகச் செலவானது. மென்னீர் குறைந்ததால் ராத்திரி லாரியைக் கூப்பிட்டார்கள். லாரித் தண்ணீரால் மறுபடியும் ஷேடு தவறியது. தரப் பிரிவு தனி நோட்டு, சுத்திகரிப்புப் பிரிவு தனி நோட்டு என்று வைத்திருந்தவரை இந்தச் சுழல் எங்கள் கண்ணில் படவே இல்லை.

14001 சொல்லிக்கொடுக்கும் முதல் வேலை இப்படிப் பார்ப்பதுதான். உங்கள் வேலையில் எந்தெந்த இடம் மண், நீர், காற்றோடு தொடர்புபடுகிறது என்று பட்டியல் எடுங்கள் என்கிறது. அந்த ஒவ்வோர் இடமும் ஒரு ‘சுற்றுச்சூழல் கூறு’. உப்பு கலந்த தண்ணீரை வெளியேற்றுவது கூறு, கிணறு உப்பாவது அதன் விளைவு. எது பெரியது என்று தேர்ந்தெடுத்து அதில் கையை வைக்க வேண்டும். அமெரிக்காவின் 3எம் நிறுவனம் ‘மாசைத் தடுத்தால் காசு’ என்ற பொருளில் ஒரு திட்டத்தை 1975-லேயே தொடங்கியது. மாசு என்பது விலை கொடுத்து வாங்கிய பொருள் தப்பான இடத்துக்குப் போனது என்ற எண்ணம்தான் அதன் அடிப்படை.

சுருக்கமாக: வீண் போகும் பொருளைக் குறைத்தால் வாங்கும் செலவும் குறைகிறது, சுத்திகரிக்கும் செலவும் குறைகிறது. ஒரு நாள் காலையில் கதவு பூட்டப்படும் அபாயமும் குறைகிறது. இரண்டாம் வழி இது.

மூன்றாவது வழி, வாசல்

மூன்றாவது வழி எல்லோருக்கும் தெரிந்தது. ஐரோப்பாவில் இருக்கும் ஒரு வாடிக்கையாளர் உங்கள் பட்டறையைப் பார்த்ததில்லை. சப்ளையர் பட்டியலில் சேர்க்கும் முன் ஏதாவது ஒரு அடையாளம் கேட்பார். சான்று அந்த இடத்தில் ஒரு நுழைவுச்சீட்டு. ஆனால் பக்கத்துக் கம்பெனியிடமும் அதே சீட்டு இருந்தால் அதற்கு மேல் அது எதையும் செய்யாது. சான்றை மட்டும் நம்பியவர்களுக்கு ஏமாற்றம் வருவது இங்கேதான். முதல் இரண்டு வழிகளில் வரும் லாபத்தைப் பக்கத்துக் கம்பெனி அவ்வளவு சுலபமாக நகல் எடுக்க முடியாது.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன

அமெரிக்கப் பங்குச் சந்தையில் உள்ள உற்பத்தி நிறுவனங்களை வைத்து சார்லஸ் கார்பெட்டும் சகாக்களும் 2005-ல் வெளியிட்ட ஆய்வு, தரச்சான்று பெற முடிவெடுத்த நிறுவனங்களின் நிதிநிலை அதன்பின் ஒத்த நிறுவனங்களைவிட மேலாக இருந்ததாகச் சொன்னது. கலிபோர்னியாவில் ஏறக்குறைய ஆயிரம் நிறுவனங்களைப் பார்த்த டேவிட் லெவைன், மைக்கேல் டோஃபல் ஆய்வு 2010-ல் வந்தது. 9001 எடுத்தவை மூடப்படுவது குறைவு, விற்பனையும் வேலைவாய்ப்பும் சம்பளமும் வேகமாக வளர்ந்தன என்று அது கண்டது. 14001 எடுத்த அமெரிக்க ஆலைகள் மாசு வெளியேற்றத்தை மற்றவற்றைவிட அதிகம் குறைத்தன என்று பொட்டோஸ்கியும் பிரகாஷும் 2005-ல் எழுதினார்கள்.

சரி, அப்படியானால் முடிந்ததா? இல்லை. ஒரு டியூஷன் சென்டர் வாசலில் ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறது, சேர்ந்தவர்கள் எல்லோரும் நல்ல மார்க். விசாரித்தால் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை மட்டும்தான் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்த மார்க் யாரால் வந்தது? ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் சான்று பெற்ற 400, பெறாத 400 நிறுவனங்களை ஒப்பிட்டு இனாக்கி ஹெராஸ் குழு 2002-ல் இதே கேள்வியைக் கேட்டது. சான்று பெற்றவை அதிக லாபத்தில்தான் இருந்தன. ஆனால் சான்று பெறுவதற்கு முன்பும் அவை அப்படித்தான் இருந்தன. நன்றாக ஓடும் கம்பெனிகளே சான்றைத் தேடிப் போவது உண்டு என்பதை மறக்கக் கூடாது. அதனால், ‘சான்று வாங்கினால் லாபம் இத்தனை சதவீதம் கூடும்’ என்று யாராவது வந்து சொன்னால் நம்பாதீர்கள். முறை உங்கள் அன்றாட வேலையை எவ்வளவு மாற்றுகிறதோ அந்த அளவுக்குத்தான் பலன். சான்று வாங்கியும் எதுவும் மாறாவிட்டால் ஆடிட் ஃபீஸ் வெறும் செலவு.

ஆடிட்டுக்கு முந்தின ராத்திரி

மாறாத இடம் எப்படி இருக்கும் என்பதையும் பார்த்திருக்கிறேன். நாளைக்கு ஆடிட். ராத்திரி எட்டு மணிக்கு நாலு பேர் உட்கார்ந்து ஆறு மாத ரெஜிஸ்டரை நிரப்புகிறார்கள். ஒரே பேனா, ஒரே சாய்வு எழுத்து. தெர்மாமீட்டர் படித்த அளவுகள் 80, 80, 80 என்று பக்கம் பக்கமாக இறங்குகின்றன. உண்மையான மெஷின் அப்படி நிற்காது, 78 காட்டும், 83 காட்டும். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் அடுத்த தப்பு எங்கே வரும் என்ற துப்பு இருக்கிறது. அதை அழித்துவிட்டு அழகான பொய்யை எழுதிவைக்கிறார்கள். இது எனக்கு உண்மையாகவே வலிக்கிற விஷயம். வாட்ச்மேன் தன் நோட்டை இப்படி எழுதியிருந்தால் எங்களுக்கு லாரித் தண்ணீர் தெரிந்தே இருக்காது.

பேப்பர் நிறைய வேண்டும் என்ற எண்ணம் பழைய பதிப்புகளிலிருந்து வந்தது. 2015 பதிப்பில் ‘தரக் கையேடு’ என்ற தடித்த புத்தகம் கட்டாயமே இல்லை. வேலைக்குத் தேவையானதை மட்டும் எழுதுங்கள் என்கிறது. ஆனாலும் கன்சல்டன்ட் ஒருவர் வேறொரு கம்பெனியின் கையேட்டில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பதும், ஆளே வந்து பார்க்காமல் சில நாளில் சான்று அனுப்புகிற கடைகள் இருப்பதும் தொடர்கின்றன. சான்று நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சிறு பட்டறை வைத்திருப்பவர்கள் சான்றைப் பற்றி இப்போதைக்கு யோசிக்கவே வேண்டாம். ஒரு மாதம் இரண்டே இரண்டை எழுதுங்கள்: திரும்பச் செய்த வேலை எத்தனை, பின்வாசலில் போனது எத்தனை கிலோ. தேதியோடு, நேரத்தோடு, உள்ளதை உள்ளபடி. எழுதும் ஆளைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த நாளே எல்லாம் 80 ஆகிவிடும். மாதக் கடைசியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இப்போது ஏதாவது சாயப்பட்டறையைப் பார்த்துவரச் சொல்லி யாராவது அனுப்பினால், ஆபீஸ் சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கும் சான்றை நான் கடைசியில்தான் பார்க்கிறேன். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போய், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பரிசோதனைக் குழாய் வைக்கும் ஸ்டாண்டைத் தேடுவேன். குழாய் ஈரமாக இருக்கிறதா, தூசி படிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். அப்புறம் நைட் ஷிஃப்ட் ஆபரேட்டரிடம், “அண்ணா, கடைசியா எப்போ சிவப்பு வந்துச்சு, வந்தப்போ மெஷினை யார் நிறுத்தினாங்க?” என்று கேட்பேன்.